ஏழாவது பெயர்

பதினெட்டு வருடம் எங்கள் நாட்டை ஆண்ட ஜெனரல் யெந்தாரேவுக்குக் கடற்கரை மக்களின் பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அவர் வடக்கே தினை விளைகிற சமவெளியில் பிறந்தவர். மேடையில் பேசியதெல்லாம் பிரெஞ்சு. தெற்கே இருந்த நாங்கள் அவர் பேச்சு என்று கேட்டது ஒரு பெண்ணின் குரலை. அவள் பெயர் செனாமே. வானொலி நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். இந்தப் பக்கம் ஒலிக் கருவிகளோடு நான், மேசான். அவளைப் பற்றி இன்றைக்கும் ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். கூடவே இருந்து பார்த்தவன் நான்.

அவள் வானொலிக்கு வேலை தேடி வந்தவள் அல்ல. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர், வயது இருபத்து மூன்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரைப் பாட்டு நிகழ்ச்சிக்காக அழைத்து வந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டாவது பாட்டை எடுத்தபோது வாசலில் ராணுவ லாரிகள் வந்து நின்றன. எங்கள் அறிவிப்பாளர் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டார். ஒரு செருப்பு மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் கிடந்தது.

உள்ளே வந்த யெந்தாரே அப்போது வெறும் கேப்டன். முப்பத்திரண்டு வயது, ஒல்லி, கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. விடிவதற்குள் மாளிகையைப் பிடித்துவிட்டு நேராக எங்களிடம் வந்திருந்தார்.

"இவங்க பாஷையில பேச யாரு இருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பிரெஞ்சு காதில் விழுந்தால் எனக்குப் புரியும்; பேச்சு கருவிகளின் பெயர்களோடு நின்றுவிடும். செனாமே எழுந்தாள்.

"நான் பேசுறேன். அதுக்கு முன்னாடி பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்புங்க."

"முதல்ல பேசு. அப்புறம் அனுப்பலாம்."

அவர் பேசினார். இனி அதிகாரம் ராணுவத்தின் கையில். ஆறே மாதத்தில் தேர்தல். மாலை ஆறு மணிக்குமேல் தெருவில் எந்தத் தலை தெரிந்தாலும் சுடப்படும். பக்கத்திலேயே நின்று செனாமே வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது, "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வெளியே வராதீங்க. வெளியே போனவங்களை இப்பவே கூப்பிட்டுக்குங்க. காலம் சரியில்ல" என்று முடித்தாள்.

அவர் போன பிறகு, "சுடுவேன்னு சொன்னாரே, அதை விட்டுட்டியே" என்றேன்.

"என் பிள்ளைங்க இருபது பேரும் அந்த மூலையில உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க அண்ணே. எப்படிச் சொல்லச் சொல்றீங்க?"

அன்று ஆரம்பித்த பழக்கம் அது. மறுவாரம் அவளுக்குப் பள்ளியிலிருந்து விலகச் சொல்லிக் கடிதம் வந்தது. அதே உறையில் வானொலி வேலைக்கான உத்தரவும் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல யாரிடம் போவது என்றுகூட அதில் எழுதியிருக்கவில்லை.

ஆறு மாதம் பதினெட்டு வருடமாக நீண்டது. கேப்டன் கர்னலானார், கர்னல் ஜெனரலானார். ஒரே கட்சி, அதற்கு அவரே தலைவர். அவர் முகம் அச்சடித்த துணி வந்தது. சந்தைப் பெண்கள் எல்லோரும் விழா நாட்களில் அதைக் கட்டியே ஆக வேண்டும். எங்கள் பெண்களும் கட்டினார்கள். அந்த முகம் சரியாகப் பின்பக்கம் வந்து உட்காரும்படி அளந்து வெட்டித் தைத்துக் கட்டினார்கள். தேர்தல் வைத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அவருக்கே போட்டதாக முடிவு வரும். அதையும் செனாமேதான் சொல்வாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தெற்கே ஜனங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவர் மேடையில் கையை ஓங்கி, "சோம்பேறிகளை வெளுத்து வாங்குவேன்" என்பார். செனாமே, "கை இருக்கிறவங்க எல்லாம் கொஞ்சம் கை கொடுங்க" என்பாள். "எதிர்ப்பவனை நசுக்குவேன்" என்பது அவள் வாயில், "வீட்டுச் சண்டையை வீட்டுக்குள்ளே பேசித் தீர்ப்போம்" என்று வரும். ஒரு முறை அவரே ஸ்டூடியோவுக்கு வந்தவர், அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கடலோரத்துல போற இடமெல்லாம் கிழவிங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. வடக்கே என் சொந்த ஊர்லகூட அப்படி ஒருத்தி அழுததில்லை. நீ அவங்ககிட்ட என்னதான் சொல்றே?"

"நீங்க சொல்றதைத்தான் ஐயா."

அவர் சிரித்தார்.

மூன்றாம் வருடம் அவள் டோசுவைக் கட்டிக்கொண்டாள். துறைமுகத்தில் பளுதூக்கிக் கிரேன் ஓட்டுகிறவன், தொழிற்சங்கச் செயலாளர். தொப்பையும் சத்தமுமான ஆள். பளுதூக்கியின் உச்சிக் கூண்டில் டிரான்சிஸ்டரை மாட்டிவைத்துப் பெண்டாட்டியின் குரலைக் கேட்டுக்கொண்டே பெட்டிகளை இறக்குவான். பிரெஞ்சு ஒலிபரப்பையும் கேட்பான். அதனால் வீட்டில் கேலி ஓயாது.

"இவ சொல்ற ஜெனரல் இருக்காரே, தங்கமான மனுஷன் மேசான். அவருக்கு நானே ஓட்டுப் போடுவேன். பிரெஞ்சுல ஒருத்தன் கத்துறான் பாரு, அவன்தான் யாருன்னு தெரியல."

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்று அவள் மக்காச்சோளக் களியை இன்னொரு கரண்டி வைப்பாள்.

"தொண்ணூத்தொன்பது பேரு போட்டாங்களாம்! அந்த மிச்சம் ஒருத்தன் நான்தான்னு கண்டுபிடிச்சுட்டா என்ன பண்ணுவே?"

"எங்க அம்மாவும் போடல. ரெண்டு பேரையும் சேர்த்தே கொண்டு போகட்டும்."

எலினாம், சிகா என்று இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பதினோராவது வருடம் துறைமுகத்தில் வேலைநிறுத்தம். மூன்றாம் நாள், ஒரு திங்கட்கிழமை, டோசுவையும் இன்னும் சிலரையும் விசாரணைக்கு என்று அழைத்துப் போனார்கள். செனாமே காவல் நிலையத்துக்கு நடந்தாள். "வியாழக்கிழமை விட்டுருவோம், மாத்துச் சட்டை கொண்டு வாங்கம்மா" என்றார் அங்கிருந்த அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னாராம்.

வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஜெனரல் ராணுவ முகாமிலிருந்து நேரடியாகப் பேசுகிறார் என்று தகவல் வந்தது. அவர் எழுதிவைத்துப் பேசுகிறவர் அல்ல; அதனால் எங்களுக்கு முன்கூட்டி ஒரு தாளும் வராது. ஹெட்போனில் பிரெஞ்சு வரும், ஒரு வாக்கியம் பின்தங்கி அவள் எங்கள் பாஷையில் சொல்லிக்கொண்டே போவாள். அன்று அவள் தோள்பையோடு வந்தாள். உள்ளே டோசுவின் சலவைச் சட்டை இருந்தது. ஒலிபரப்பு முடிந்ததும் நேராகப் போய் அவனை அழைத்துவரப் போவதாகச் சொன்னாள்.

ஜெனரல் கால் மணி நேரம் நாட்டின் விரோதிகளைப் பற்றிப் பேசினார். பிறகு, ராணுவ நீதிமன்றம் பதினோரு பேருக்குத் தண்டனை விதித்தது, இன்று காலை ஏழு மணிக்குத் தண்டனை நிறைவேறியது என்றார். காகிதம் பிரிக்கிற சத்தம் கேட்டது. பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்.

ஏழாவது பெயர் டோசு.

பெயர் எந்தப் பாஷையிலும் பெயர்தான். எனக்கு அது புரிந்தது. அவள் குரலை வெளியே அனுப்புகிற திருகு என் விரல்களுக்குக் கீழேயே இருந்தது. ஒரு திருப்பு திருப்பியிருந்தால் போதும். கருவி பழுது என்று சொல்லியிருக்கலாம். என் முதுகுக்குப் பின்னால் வழக்கம்போல ஒரு லெப்டினன்ட் நின்றிருந்தார். நான் திருப்பவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செனாமே, கணவன் பெயரை, தகப்பன் பெயரோடும் தொழிலோடும் சேர்த்து, தடுமாறாமல் தெளிவாகச் சொன்னாள். எட்டாவது பெயரைச் சொன்னாள். ஒன்பது, பத்து, பதினொன்று. தேசிய கீதம் ஒலித்தது. ஒலிபரப்பு விளக்கு அணைந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவு வரை போனவள் அப்படியே நின்றாள்.

"அண்ணே, நடுவுல ஒரு பேரு... நான் யார் பேரைச் சொன்னேன்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அவளுக்கு அது காதில் விழவே இல்லை. பத்து வருடத்துக்கு மேலாகக் காது வழியே வாங்கி வாய் வழியே விட்டுப் பழகியவள். சொற்கள் அவளைத் தொடாமலே கடந்து போகும். ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. சொன்னவளுக்கு மட்டும் தெரியவில்லை.

"சொல்லுங்கண்ணே."

சொன்னேன். அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, பையைத் திறந்து, அந்தச் சட்டையைப் பிரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்தாள். மறுபடி பிரித்தாள். லெப்டினன்ட் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார்.

கட்டியவன் சாவைக் குரல் பிசகாமல் படித்தவள் என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் நகரம் முழுக்கப் பரவிவிட்டது. டோசுவின் அம்மா தன் வீட்டு வாசலிலேயே அவளை நிறுத்தினாள். நானும் பிள்ளைகளும் கூட இருந்தோம்.

"என் மகன் செத்ததை உன் வாயில இருந்துதான் கேட்டேன். அந்த வாயோட என் வீட்டுக்குள்ள வராதே."

"அத்தே, எனக்குத் தெரியாது அத்தே, நான் கேக்கவே இல்ல..."

"ஊருக்கே கேட்டுச்சு. உனக்குக் கேக்கலையா?"

கதவு சாத்தப்பட்டது. சந்தையில் கருவாட்டுக்காரி அவள் கூடையில் மீனைப் போடாமல் தரையில் வீசினாள். ஏழு வயது எலினாம் அம்மா பேசினால் காதைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

ஏன் வேலையை விடவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. தண்டனை பெற்றவன் மனைவி அந்த வேலையை விட்டாலே அது தனிக் குற்றம். இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒன்பதாம் நாள் வந்து உட்கார்ந்தாள்.

மூன்று மாதம் கழித்துப் புத்தாண்டு வாழ்த்தைப் பதிவு செய்ய எங்கள் இருவரையும் மாளிகைக்கு வரச் சொன்னார்கள். ஜெனரல் அதற்குள் பருத்துப் போயிருந்தார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உன் புருஷன்னு எனக்குத் தெரியாது. பட்டியலை வேற யாரோ எழுதினாங்க. நான் படிச்சேன், அவ்வளவுதான்."

"நானும் அவ்வளவுதான் ஐயா செஞ்சேன்" என்றாள் செனாமே.

அவருக்கு அது பாராட்டாகப் பட்டதோ என்னவோ, தலையை ஆட்டினார். "ஒரு நொடி தயங்கல நீ. என் பட்டாளத்துலகூட அப்படி ஒரு ஆள் கிடையாது. என்ன வேணும், கேளு."

"உடம்பு வேணும் ஐயா. புதைக்கணும்."

ஜெனரல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "விசாரிச்சுச் சொல்லு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அந்த ஆள் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு தட்டில் பதக்கம் வந்தது. ஜெனரலே எழுந்து அவள் சட்டையில் குத்தினார். ஊசி துணியில் ஏறவில்லை; இரண்டு மூன்று முறை முயன்றார். அவள் அசையாமல் நின்றாள். நான் ஒலிவாங்கியின் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

அன்றைய பதிவில் ஜெனரல், "தெற்கே குரைக்கிற நாய்களுக்கு மண்ணைத் தின்னக் கொடுப்பேன்" என்றார். வழக்கமாக அவள் அதை எப்படித் துடைத்து எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் மைக்கை நெருங்கி, அதே வேகத்தில், அதே ஏற்ற இறக்கத்தில் சொன்னாள்:

"தெற்கே குரைக்கிற நாய்களுக்கு மண்ணைத் தின்னக் கொடுப்பேன்."

நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றவில்லை. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. "பேன் மாதிரி நசுக்குவேன்" என்றால் பேன் மாதிரி நசுக்குவேன்தான். "உங்கள் மீனவர்கள் திருடர்கள், உங்கள் பெண்கள் அதைவிட மோசம்" என்றால் அதேதான். பத்து வருடமாகத் தங்கமான மனிதரைக் கேட்டுப் பழகிய தெற்குப் பகுதி முதல்முறையாக யெந்தாரே பேசியதைக் கேட்டது. படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு டிரான்சிஸ்டரையே வெறித்துப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். "இந்த ஆளுக்குத் திடீர்னு என்ன வந்துச்சு? பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்று கேட்டார் ஒரு கிழவர். ஜெனரல் போன இடங்களில் கிழவிகள் கையைப் பிடிப்பதை விட்டுவிட்டார்கள். சந்தைப் பெண்கள் அவர் முகம் போட்ட துணியை விழா நாளில் கட்டாமல் வர ஆரம்பித்தார்கள்.

இரண்டு வருடத்தில் இது மாளிகைக்கு உறைத்துவிட்டது. மொழிபெயர்ப்பில் சதி என்று புகார் எழுந்தது. வடக்கத்திய மேஜர் ஒருவரும், எங்கள் பாஷை தெரிந்த லெப்டினன்ட் ஒருவரும், அகராதி வைத்திருந்த ஒரு பேராசிரியரும் எங்கள் ஒலிநாடாக்களை எட்டு நாள் உட்கார்ந்து கேட்டார்கள். நான்தான் ஓட்டிக் காட்டினேன். செனாமேயை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். எட்டாம் நாள் மேஜருக்குப் பொறுமை போய்விட்டது.

"எங்கே தப்பு பண்ணியிருக்கா, அதைச் சொல்லுய்யா!"

"தப்பு ஒண்ணும் இல்ல ஐயா. வார்த்தைக்கு வார்த்தை சரியா இருக்கு" என்றார் லெப்டினன்ட்.

"அப்போ ஜனங்க ஏன் கொதிக்கிறாங்க?"

லெப்டினன்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "புரியுது ஐயா அவங்களுக்கு."

பேராசிரியர் அகராதியை மூடினார். பத்து வருடத்துப் பழைய நாடாக்களைக் கேட்டிருந்தால் அவர்களுக்கு ஆயிரம் பிழை கிடைத்திருக்கும். அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு ஐந்து வருடம் ஆட்சி ஆட்டம் கண்டுகொண்டே போனது. துறைமுகம், பள்ளிகள், கடைசியில் சந்தை என்று ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பதினெட்டாம் வருடம் ஆகஸ்டில் அவருடைய சொந்தத் தளபதிகளே கைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் குடும்பத்தோடு விமானம் ஏறிப் பக்கத்து நாட்டுக்குப் போனார் யெந்தாரே. புறப்படுமுன் பேசிய கடைசிப் பேச்சு நாலு நிமிடம். "நீங்கள் எனக்கு நன்றி கெட்டவர்கள்" என்றார். செனாமே அதையும் சொன்னாள்.

அவள் ஹெட்போனைக் கழற்றுவதற்குள் கூட்டம் வெளிக்கதவை உடைத்து உள்ளே வந்துவிட்டது. துறைமுகத்து ஆட்கள், மாணவர்கள், யார் யாரோ. நான் கைகளை விரித்துக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் நின்றேன். என்னை நகர்த்திவிட்டு உள்ளே போனார்கள்.

"நீதானே அந்தக் குரல்?"

"ஆமா. நான்தான்."

"விடுங்கப்பா, அது டோசு பொண்டாட்டி!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"டோசுவோட பேரைப் படிச்சவளும் இவதானே!" என்றது இன்னொரு குரல். அதோடு இரும்புக் கம்பி ஒன்று வந்து அவள் தாடையில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மைக் இன்னும் திறந்திருந்ததால் அந்தச் சத்தமும் வானொலியில் போயிருக்கிறது. வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பிற்பாடு என்னிடம் சொன்னார்கள். இந்த முறையும் நான் திருகைத் திருப்பவில்லை.

ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டிப் போட்டிருந்தார்கள். நாலு பல் போயிற்று, முகம் இடப்பக்கம் கோணியது, பேச்சு குழறலானது. மைக் முன்னால் இனி உட்கார முடியாது. புது அரசாங்கம் ராணுவ முகாமின் சுடுதளத்தைத் தோண்டியது. பதினோரு பேரின் எலும்புகளும் கலந்து கிடந்தன. யாருடையது யாருடையது என்று பிரிக்க முடியாமல் ஒரே குழியில் மரியாதை செய்து புதைத்தார்கள். டோசுவின் அம்மா குழியின் மறுபக்கம் நின்றாள். கடைசி வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு வருடத்தில் செத்தும் போனாள். எலினாம் இப்போது பிரான்சில் இருக்கிறாள். கடிதம் போடுவாள், தொலைபேசியில் பேச மாட்டாள். சிகா மட்டும் அம்மாவோடு.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே செனாமேவுக்கு அடுத்த வேலை அமைந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் கடலோரக் கிராமத்துப் பெண் ஒருத்தி. டாக்டருக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. வாயைத் திறக்க முடியாத செனாமே அந்தப் பெண் சொன்னதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டினாள். வயிற்றுவலி என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அன்று மாலையே அவளுக்கு அறுவைசிகிச்சை செய்தார்கள்; பிழைத்துக்கொண்டாள். குணமான பிறகும் செனாமேயை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

போன வருடம் யெந்தாரே பக்கத்து நாட்டில் ஒரு வில்லாவில் செத்துப்போனார். செய்தி வந்த காலை, தலைநகரத்துப் பத்திரிகையாளர் ஒருவர் என்னையும் கூட்டிக்கொண்டு அவளைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிரசவ வார்டில் இருந்தாள். ஒரு கிராமத்துப் பெண் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் இளம் டாக்டர்.

செனாமே கோணிய வாயால் நிதானமாகச் சொன்னாள்: "வலி இடுப்புல இருந்து தொடைக்கு இறங்குதாம். நேத்துல இருந்து குழந்தை அசையற மாதிரியே தெரியலையாம். அப்புறம், நீங்க ஒரு கழுதையாம், இன்னும் ஒரு தடவை அங்கே அமுக்கினீங்கன்னா எட்டி உதைப்பாளாம்."

நர்சுகள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை, குழந்தை அசையவில்லை என்ற இடத்திலேயே அவர் முகம் மாறிவிட்டது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் அறுவைசிகிச்சை அறைக்கு ஓடினார்கள். செனாமே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி, குனிந்து அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, கூடவே ஓடினாள்.

"அம்மா, ஜெனரல் இறந்துட்டாரு, ஒரே ஒரு வார்த்தை..." என்று பத்திரிகையாளர் பின்னால் போனார். கதவு மூடிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம் நின்று பார்த்தார். பிறகு குறிப்பேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் இருந்தேன். குழந்தை பிழைத்தது, பெண் குழந்தை.